எச்சுக்கும் ஜேவுக்கும் நடுவே

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, வேலை செய்யாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், அடுத்தவர் வேலையைக் கட்டத்துக்குள் எழுதி அதற்கு நிறம் பூசிக்கொண்டிருக்கும் மூன்றாவது இனம் ஒன்று ஓசூர்ப் பக்கம் இப்போது பெருகியிருக்கிறது. கட்டக்காரர்கள். எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? வெளியே மழை பெய்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். "அப்டேட் பண்ணியாச்சா?" என்பார்.

நம்ம சிவராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் கெலமங்கலம். சிப்காட்டில், இருசக்கர வண்டிகளுக்குப் பிரேக் பிராக்கெட் செய்யும் கம்பெனி ஒன்றில் புராஜெக்ட் கோஆர்டினேட்டர். முன்பெல்லாம் அங்கே ஆளுக்கொரு எக்ஸெல் கோப்பு வைத்துக்கொண்டு, 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'நிஜமான ஃபைனல்' என்று மெயிலில் வீசிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் கம்பெனி ஒரு புராஜெக்ட் மென்பொருள் வாங்கியது. ஷீட் அதற்குள்ளேயே இருந்தது. எந்த வேலை, யார் பொறுப்பு, என்ன தேதி, என்ன நிலை என்று எல்லாம் ஒரே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி. நல்ல ஏற்பாடுதான். அது சிவராஜ் கையில் கிடைத்ததுதான் கிரகம்.

'நிலை' என்று மேலிருந்து கீழே ஓடும் பத்தியில் யாரும் கண்டதையும் எழுதிவிடக் கூடாதென்று எல்லாக் கட்டங்களுக்கும் பூட்டுப் போட்டார். பொறுக்கிக்கொள்ள இரண்டே விடை: 'உண்டு', 'இல்லை'. உண்டு என்றால் கட்டம் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தங்கை சௌமியாவின் கிரகப்பிரவேசத்துக்கும் ஷீட் போட்டார். பால் பொங்கியதைச் சொந்தபந்தம் அத்தனையும் பார்த்தது, இவர் பார்க்கவில்லை. மூலையில் நின்று 'பால்' என்ற வரிசையைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் அதிலேயே கறி வைத்து, பந்தி போட்டு, 'முடிந்தது' என்றும் குறித்துவிடுவார்.

போகட்டும், அவர் வீட்டுப் பால். ஆனால் மணிமேகலையின் பிழைப்பு அவர் ஷீட்டில் மாட்டிக்கொண்டதே, அதைச் சொல்ல வேண்டும்.

மணிமேகலை அதே கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவள். கெலவரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் மூன்றாவது முறையாக ஓடிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் பெயரில் ஒரு புகாரும் வராவிட்டால் நிரந்தரம், வந்தால் வீடு. அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

நாலாம் தேதி காலை சிவராஜின் மேசைக்கு வந்தாள்.

"சார், பின்னு நுழையற துளைய அளந்து பாக்கற கேஜ் தேஞ்சு போச்சு. துளை சின்னதா இருந்தாலும் உள்ள போயிருது. புதுசு வர்ற வரைக்கும் இந்த லாட் அறுநூறையும் அனுப்பாம நிறுத்திரலாம் சார்."

சிவராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேஜ் இருக்குதா, இல்லையா?"

"இருக்குது. ஆனா தேஞ்சு..."

"தேஞ்சதுன்னு ஒரு ஆப்ஷனே இல்லம்மா. இருக்குதுன்னா உண்டு போடு."

"அப்ப இல்லைன்னு போட்டுடட்டுமா சார்?"

"இருக்கற பொருள இல்லைன்னு போட்டா அது பொய்யில்லையா?"

எப்பேர்ப்பட்ட சத்தியவான் பாருங்கள். அவள் வேறு வழியில்லாமல் 'உண்டு' போட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. சரக்கு அனுப்பும் பிரிவினர் யாரையும் கேட்க மாட்டார்கள், ஷீட்டைத்தான் பார்ப்பார்கள். அதனால், பூட்டு இல்லாமல் தப்பிப் பிழைத்திருந்த 'குறிப்பு' என்ற ஒரே பத்தியில், "கேஜ் தேய்ந்துவிட்டது. துளை அளவு சந்தேகம். லாட்டை அனுப்ப வேண்டாம்" என்று அடித்துவைத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. மற்ற வரிசையெல்லாம் ஒரு விரல் உயரம் இருக்க, இது மட்டும் மூன்று வரி எழுத்தைத் தாங்கி வீங்கி நின்றது. பத்து மணிக்கு மேனேஜர் பார்க்கப் போகிறார். இப்படித் துருத்திக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார்? சிவராஜ் உடனே மவுஸைப் பிடித்தார். எழுதியிருந்ததை அவர் படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படித்தால்தானே? உயரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பத்தியையே மறைத்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்தக் காலத்தில் ஒரு அண்டா சோறாவது தேவைப்பட்டது. இவருக்கு இரண்டு தட்டு போதுமாயிருந்தது. ஷீட் மறுபடி தளதளவென்று பச்சையாகச் சமமாகக் கிடந்தது.

பச்சையைப் பார்த்து அறுநூறு பிராக்கெட்டுகள் அத்திப்பள்ளியில் வண்டி பூட்டும் கம்பெனிக்குப் போயின. மூன்றாம் நாள் அங்கிருந்து ஃபோன்.

"ஏன்ரீ சிவராஜ், துளைல பின்னு நுழையவே இல்லையே. லைன் நின்னு ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஷீட்டுல எல்லாம் பச்சைன்னு போட்டோ வேற அனுப்பிச்சீங்க."

ஃபோனை வைத்ததும் சிவராஜ் மனசில் முதலில் வந்தது வருத்தமல்ல. 'பொறுப்பு' என்ற பத்தியில் யார் பெயர் இருக்கிறது என்ற கேள்விதான். திறந்து பார்த்தார். மணிமேகலை. ஒரு டீ சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் விசாரணை. மேனேஜர் அருள்ஜோசப் டூல் ரூமில் இருபது வருஷம் இரும்புத்தூள் தின்று மேலே வந்தவர். அவர் முன்னால் மணிமேகலையின் ஒப்பந்தக் கோப்பு, கையெழுத்தில்லாமல் கிடந்தது. சுவரில் ஷீட் பெரிதாகத் தெரிந்தது.

"இந்த வரிசையப் பாருங்க சார்," என்றார் சிவராஜ். "பொறுப்பு மணிமேகலை. கேஜ் உண்டுன்னு போட்டது அவங்கதான். நான் எதுவும் சொல்லல. சிஸ்டம் சொல்லுது. சிஸ்டம் பொய் சொல்லாது சார்."

அருள்ஜோசப் அவளைப் பார்த்தார். "என்னம்மா?"

அவள் சுவரில் தெரிந்த ஷீட்டின் பக்கம் திரும்பினாள். எழுதியது எங்கே போனது என்று தேடினாள். நாளெல்லாம் குறை கண்டுபிடிப்பதுதானே அவள் தொழில். கண், பத்திகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து ஓடும் மேல்வரிசைக்குப் போனது.

"சார், எச்சுக்கு அப்புறம் ஜே வருது. நடுவுல ஐ எங்க சார்?"

"அது ஒண்ணுமில்ல சார், பார்க்க நீட்டா இருக்கணும்னு ஒரு சின்ன..."

"திறப்பா," என்றார் அருள்ஜோசப்.

திறந்தது. மூன்று வரி, சுவர் நிறைய. நாலாம் தேதி, காலை ஒன்பது இருபது, மணிமேகலை. அந்த மென்பொருளுக்கு ஒரு குணம், யார் எதைத் தொட்டாலும் ஓரமாக எழுதிவைத்துக்கொள்ளும். ஒன்பது நாற்பத்தொன்று: பத்தி மறைக்கப்பட்டது, சிவராஜ். அவர் சொன்னபடியே, சிஸ்டம் பொய் சொல்லவில்லை.

அருள்ஜோசப் அந்த மூன்று வரியைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார். கோப்பைத் திறந்து நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட்டு மணிமேகலை பக்கம் தள்ளினார். பிறகு புதிதாக வந்த கேஜை எடுத்து சிவராஜ் பக்கம் உருட்டினார்.

"நாளைக்கு அத்திப்பள்ளி போ. அறுநூறையும் ஒண்ணொண்ணா நீயே போட்டுப் பாரு. லேப்டாப் இங்கயே இருக்கட்டும்."

போனார். ஜூஜுவாடி எல்லை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, போய்ச் சேர்ந்து, தன் கையால் முதல் துளையை அன்றைக்குத்தான் தொட்டார். கேஜ் உள்ளே போகவில்லை. திருந்தியிருப்பார் என்கிறீர்களா? பாவம், உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. முப்பதாவது பிராக்கெட்டில் கைபேசியை எடுத்து அறுநூறு வரிசைக்கு ஷீட் போட்டுவிட்டார். இப்போது நிலைப் பத்தியில் மூன்றாவது விடை ஒன்றும் உண்டு: 'தேய்ந்தது'. கேஜ் உடைந்தால் என்ன போடுவது என்று மணிமேகலை கேட்டதற்கு, உடையும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காலையில் முடித்துவிட்ட வேலையை மத்தியானம் பட்டியலில் எழுதி, எழுதிய கையோடு டிக் அடித்தீர்களே, அது யார்? வீட்டில் ஒருவர் எதையோ சொல்ல வாயெடுத்தபோது, "ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றீர்களே, அது? அவர் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு எழுந்து போனீர்கள். எதற்கும் ஒரு நடை போய், எச்சுக்கு அடுத்தது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.