மைக்செட் அண்ணன் நீட்டிய கை

தன் வியாதியைத் தானே ஒலிபெருக்கியில் அறிவித்த மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் செல்லூர் மைக்செட் அண்ணன். அவருக்கு வேறு பெயர் இருந்தது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மற்றவர்கள் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று மைக்கைச் சோதிப்பார்கள். ஆஸ்பத்திரியில் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் வசனத்தை மாற்றிவிட்டார். "ஹலோ, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. தொட்டா வராது. ஒரே டம்ளர்ல குடிச்சாலும் வராது. கடைசி வரிசைக்குக் கேக்குதா?" காதுகுத்தானாலும் கட்சிக் கூட்டமானாலும் இதேதான்.

"எதுக்குண்ணே மானத்த வாங்கிக்கிறீக?" என்றேன்.

"காதோட காதா பேசுனா கூட்டிக் கூட்டிப் பேசுறாய்ங்க தம்பி. நானே சொல்லிப்புட்டா உள்ளது மட்டுந்தேன் இருக்கும்."

பேச்சு குறையவில்லை, தொழில் குறைந்தது. கூப்பிட்ட இடத்திலும் அவர் கையிலிருந்து மைக்கை வாங்க ஆளில்லை. ஒரு கவுன்சிலர் கைக்குட்டையைச் சுற்றி வாங்கினார். "அண்ணே, கைக்குட்டை இருந்தாலும் வராது, இல்லாட்டியும் வராது" என்று இவர் சொன்னது மூன்று தெருவுக்குக் கேட்டது. இன்னொருவர் இரண்டடி தள்ளி நின்றே வாழ்த்துரையைக் கத்தி முடித்து, ஒரு வாரம் தொண்டை கட்டிக் கிடந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஒரே ஒரு ஆளு வெறுங்கையால வாங்கிட்டாப் போதும் தம்பி. மத்தவுக தன்னால வாங்குவாக" என்பார்.

அந்த ஆள் நான்தான் என்று பெருமையாக முடிவு செய்து, திருநகர் மண்டபத்தில் நடந்த என் தங்கை கல்யாணத்துக்கு அவரையே அமர்த்தினேன். அம்மா என்னோடு பேசவில்லை. அண்ணன் என்ன நினைத்தாரோ, அன்று "ஒன், டூ, த்ரீ"யோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது, வெட்கக்கேடு.

ஆனால் எழுமலையிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டாரிடம் யாரோ ஓதிவிட்டார்கள். வரவேற்றுப் பேச மேடை ஏறினேன். முன்வரிசை முழுக்க என் கையையே பார்த்தது. அண்ணன் மைக்கை நீட்டினார்.

"ஸ்டாண்டுல வச்சிருங்கண்ணே."

அவர் மைக்கை மாட்டி, என் உயரத்துக்குத் திருகி, தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். நான் வாய் நிறைய வரவேற்றேன்.

அடுத்த ஆடிக்குள் அண்ணன் போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டக்கூட ஆள் வரவில்லை. நான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது. அண்ணே, சூடாக இருந்தபோதே பிடித்திருக்க வேண்டும்.