தலையில்லாப் படங்கள்: ஆம்பூரிலிருந்து ஓர் ஆட்சேபம்

ஆம்பூர்

'நீர்க்கண்' மாத இதழின் ஆசிரியர் அம்மா அவர்களுக்கு, ஆம்பூர் சுந்தரமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையில்.

தங்கள் 'இது என்ன மீன்?' பக்கத்துக்கு நான் அனுப்பிய கடலடிப் படங்களை, "எதிலும் தலையும் இல்லை, வாலும் இல்லை, இனம் காண இயலாது" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டீர்கள். நான் யார் என்று தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள். ரிட்டயர் ஆகும் வரை தோல் ஷாப்பில் செலக்‌ஷன் டேபிளில் நின்றவன் நான். பதனிட்டு வரும் ஆட்டுத் தோலைப் புரட்டிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, அம்மை வடு எல்லாம் கண்டுபிடித்து, இது முதல் தரம், இது கழிசல் என்று பிரிக்கிற வேலை. ரெக்சின் என்கிற போலித் தோலையும் அசல் தோலையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வேன். அந்த டேபிளுக்கு என்றைக்காவது ஓர் ஆடு தலையோடு வந்ததா? வாலை ஆட்டிக்கொண்டு வந்ததா? ஒரு பிராணியின் யோக்கியதை அதன் முதுகுத் தோலில் இருக்கிறது அம்மா. மூஞ்சியைப் பார்த்து ஏமாறுகிறவன் எங்கள் டேபிளில் ஒரு வாரம் தாங்க மாட்டான். ஆகவே நான் தெரிந்தேதான், நன்றாகக் கிட்டே போய், நடு உடம்பை மட்டும் எடுத்தேன். மீன்கள் தலையை நீட்டியபோதெல்லாம் கேமராவை நகர்த்திக்கொண்டேன்.

நான் கடலுக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் தமிழினிக்குப் புதுச்சேரியில் வேலை. அப்பா ரிட்டயர் ஆனதற்குப் பரிசு என்று அங்கே கடலுக்கடியில் முக்குளிக்கக் கூட்டிப்போனாள். எனக்கு நீச்சல் தெரியாது. எங்களுக்கு இருப்பது பாலாறு, அதில் நடக்கத்தான் பழகலாம். பயிற்சியாளர் ஜோசுவா, "நீச்சல்லாம் வேணாம் சார், நான் புடிச்சிக்கிறேன், நீங்க மூச்சு மட்டும் வுடுங்க" என்றார். எனக்குக் கொடுத்த ரப்பர் உடை அங்கங்கே ஒட்டுப் போட்ட பழசு, அது என் வயிற்றை ஏற்க மறுத்தது. ரெண்டு பேர் சேர்ந்து அமுக்கி ஜிப்பை இழுத்தார்கள். உள்ளே போனதும் முதல் மீனின் தோலைப் பார்த்தேன், டேபிளில் பாஸ் போடுகிற பழக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன். கடலுக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தமாம். ஜோசுவா என்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். "இன்னா சார், மூச்சு முட்டுதா?" "இல்லப்பா, தோலு ஏ ஒன்னா கீது!" திரும்ப இறங்கினோம். திரும்ப ஒரு நல்ல தோல், திரும்பக் கட்டைவிரல், திரும்ப ஆகாசம். கடைசியில் என் கட்டைவிரலை அவரே பிடித்து வைத்துக்கொண்டார்.

சிரிக்காதீங்கம்மா. என் கைக்கு வந்த தோல் அத்தனையும் செத்த பிறகு வந்தது. திரும்புகிற, மினுங்குகிற, என்னைக் கண்டு ஒதுங்குகிற தோலை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வடு இல்ல, ஒரு கீறல் இல்ல. மாஸ்க்குக்குள்ளயே அழுதுட்டேன். கடல் தண்ணி உள்ளே பூந்துடுச்சோன்னு ஜோசுவா வெலவெலத்துப் போய்ட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பேஜார். என் மைத்துனர் பஞ்சாட்சரம், வாலாஜாபேட்டைக்காரர், படங்களைப் பார்த்துவிட்டு என் மனைவி முத்துமாரியிடம் சொல்கிறார்: "அக்கா, மாமா கடலுக்குள்ள எறங்கவே இல்ல. கரையில அந்த டிரெஸ்ஸ மாட்டிக்கினு ஒரு போட்டோ. அப்புறம் மார்க்கெட்டுக்குப் போய் மீன் கூடைக்குள்ள கேமராவ வுட்டுட்டாரு. வெட்டி வச்ச மீனு, அதான் ஒண்ணுத்துக்கும் தலை இல்ல." அவளுக்குத் தம்பி சொன்னால் அதுதான் தீர்ப்பு. "அந்தப் பத்திரிகைக்காரங்க இது கடல்ல எடுத்ததுதான்னு போடட்டும், நானே உங்கள மறுபடி அனுப்பி வக்கிறேன். இல்லன்னா இந்த வீட்ல கடல் பேச்சே எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இன்னொரு தடவை உள்ளே போக வேண்டும் அம்மா. அதற்காகத்தான் உங்களோடு இத்தனை சண்டை.

ஆகவே இத்துடன் மறுபடி வைத்திருக்கும் கடைசிப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். கறுப்புத் தோல். பொடிப்பொடியாக, ஜாஸ்தி கம்மி இல்லாமல் ஒரே சீரான புள்ளி. அளவெடுத்தாற்போல் ஒரு நேர்க்கோடு. மடங்குகிற இடத்தில் மட்டும் லேசான சுருக்கம். என்னோடு அதே டேபிளில் நின்ற தோஸ்த் நசீர் அகமது பாயிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "சுந்தரம், இந்த மாதிரி சரக்கு நம்ம டேபிளுக்கு வந்ததே இல்லப்பா, முதல் தரம்" என்றார். உங்கள் புத்தகங்களில் இந்த மீன் இல்லையென்றால் அது புத்தகத்தின் குறை. இது புது மீன். என் பேரை வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, வைத்தால் தடுக்கவும் மாட்டேன். போட மறுத்தால் மாதாமாதம் எழுதுவேன். தலையை மட்டும் எடுக்கவே மாட்டேன்.

தங்கள் இதழ் ஊரெங்கும் பரவட்டும். விரிஞ்சிபுரத்தில் வழித்துணையாக நிற்கிற சாமி என்னோடு கடலுக்குள்ளும் வந்தார், தங்கள் குடும்பத்துக்கும் அவர் துணையிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு சொல்லையும் திரும்பப் பெறாத
சுந்தரமூர்த்தி

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில், லீவுக்கு வந்திருக்கும் தமிழினி அந்தக் கடைசிப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, இருட்டாக இருந்த ஓரத்தை வெளிச்சமாக்கினாள். "அப்பா, இது மீன் இல்ல. உங்க முட்டி" என்றாள். கரையில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்தாள். அந்த நேர்க்கோடு, என் வலது முட்டியில் போட்டிருந்த ஒட்டின் விளிம்பு. தோலே இல்லை அம்மா, ரப்பர். ரெக்சினை விடக் கேவலம். நசீர் பாயிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். ஆனால் முட்டிக்கு மேலே என் மூச்சுக் குமிழி ஏறுகிறது, பின்னால் நீலமாகக் கடல். பஞ்சாட்சரத்துக்குப் போன் போட்டு, "உங்க ஊர் மார்க்கெட்டுல கூடையில என் முட்டி விக்கிறாங்களா மச்சான்?" என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. முத்துமாரி, நான் மறுபடி கடலுக்குக் கொண்டுபோக என் துண்டைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன், படத்தை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். 'ஆம்பூர் சுந்தரமூர்த்தி, கடலுக்குள்' என்று கீழே எழுதி அதையே போடுங்கள். தலை இல்லை என்று மறுபடி திருப்பி அனுப்ப வேண்டாம். தலை வேண்டுமென்றால் நேரிலேயே கொண்டுவருகிறேன்.