மட்டோக்கே அவிப்பது எப்படி?

புகாண்டா ராஜ்ஜியத்து மசாக்கா ஊரில் லுபோவாவின் கோபம் தெரியாதவர்கள் கிடையாது. அன்று அது உச்சந்தலைக்கே ஏறியிருந்தது. பின்னே? இருபது வருடமாகப் பத்தி எழுதுகிற மனிதர். வாழைக்காயை இலையில் பொதிந்து அவிக்கும் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ‘மட்டோக்கேயும் நம் மானமும்’ என்று ரத்தம் கொதிக்க எழுதிய கட்டுரையை இணையதளக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். அதை வலைப்பதிவாக மாற்ற வேண்டுமாம். இணையத்தில் தேடுகிறவர்களுக்கு முதல் பக்கத்தில் கிடைக்க வேண்டுமாம். ஒரு வாரத்துக்குள் கிடைக்காவிட்டால் அவருடைய பத்திக்கே மூடுவிழாவாம்.

“மானத்தை எவன் சார் தேடுறான்னு கேக்கிறான்டி அந்தப் பொடிப்பய!” என்று மனைவி நபுகாலுவிடம் குதித்தார்.

அவர் கையால் எழுதுவார். தட்டச்சு செய்து அனுப்புவது எப்போதும் நபுகாலுதான். அவள் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தாள்.

“அவன் சொல்றது சரிதாங்க. மட்டோக்கேன்னு போட்டா ஜனங்க கேக்கிறது ஒண்ணுதான். எப்படி அவிக்கிறது?”

“அதை எழுத நான் என்ன சமையக்காரனா?”

“அப்ப பத்தி போகட்டும்.”

“போகட்டுமாவா? நாக்கைப் பாரு! சரி, நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்.”

“என் பேரைப் போடுவீங்களா?”

“அதெப்படி? பத்தி என்னுது!”

“அப்ப கையும் உங்களுதாவே இருக்கட்டும். படம் வேற கேக்கிறாங்க.”

புகாண்டாவில் ஆண்பிள்ளை அடுப்படியில் நின்றால் சேதி குலம் முழுக்கப் போய்விடும். லுபோவா நபுகாலுவோடு சமையல் கொட்டகைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி காயை உரித்தார்.

“தோலோட பாதிக் காயும் போகுதே!”

“வாயை மூடு!”

பத்தாவது காயில் இரண்டு கையும் கறுத்துப் பிசுபிசுத்தன.

“கையில எண்ணெய் தடவிக்கிட்டா கறை ஒட்டாது.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“நீங்கதான் வாயை மூடச் சொன்னீங்க.”

வாழையிலையை வாட்டுகிறேனென்று கிழித்தார், விரலைச் சுட்டுக்கொண்டார், பானையைத் திட்டினார். முகம் தெரியாமல் கையை மட்டும் படமெடுக்க விட்டார். நபுகாலு எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பினாள். நான்காம் நாள் பதிவு முதல் பக்கத்துக்கு வந்தது. பத்தி பிழைத்தது. லுபோவா மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது அவருடைய அண்ணன் கைப்பேசியில் கூப்பிட்டார்.

“டேய், வாராவாரம் சமையல் நீதானாமே! அப்பா இருந்திருந்தா உன் தோலை உரிச்சிருப்பாருடா!”

லுபோவா பதறிப்போய்ப் பதிவைத் திறந்தார். அடியில், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள். ‘ஆண்கள் மட்டோக்கே அவிக்கலாமா?’ ‘தாராளமாக. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் நான்தான் அவிக்கிறேன். மனைவி உட்கார்ந்து சாப்பிடுவாள்.’

“எவடி எழுதினா இதை?”

“கடைசியில கேள்வி பதில் வைக்கணும்னாங்க. நீங்க கறையைத் தேய்ச்சிட்டு இருந்தீங்க, நானே வச்சுட்டேன்.”

“எடு! இந்த நிமிஷமே எடு!”

“எடுத்துடறேன். ஆனா அந்தக் கேள்வியாலதான் பதிவு முதல் பக்கத்துல நிக்குதுன்னு அந்தப் பையன் சொன்னான். எடுத்துடவா?”

லுபோவாவுக்கு வந்த ஆத்திரத்தில் காது மடலெல்லாம் துடித்தது. இருபது வருடப் பத்தி. அவள் விரல் திரையை நெருங்கியது.

“இருடி!” என்று அலறினார்.

நபுகாலு கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை என் தங்கச்சிங்க நாலு பேரும் வர்றாங்களாம். இந்தத் தடவையாச்சும் இலையைக் கிழியாம வாட்டுங்க.”