சத்தமில்லாத தாவல்

போலீஸ் ஆகியே தீருறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு வயசு வரம்பு முடியிற வருஷம் இது. விட்டா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல ஆயுசுக்கும் தக்காளிப் பெட்டி தூக்க வேண்டியதுதான். போன தடவை நீளம் தாண்டுறதுல நாலு விரக்கடையில கோட்டை விட்டேன்.

திண்டுக்கல்ல எங்களுக்குப் பயிற்சி குடுக்கிறவர் பிராங்கிளின் மாஸ்டர். ஓடினா மட்டும் பத்தாது, பெட்டி மேல தாவித் தாவிக் காலுக்கு வேகம் ஏத்துன்னார். அதுக்கு முன்னாடி தினம் உட்கார்ந்து எந்திரிச்சுத் தொடைய உரமாக்கணும். இறங்கும்போது முட்டிய மடக்கிப் பூனையாட்டம் சத்தமில்லாம இறங்கணும். ஒருநாள் தாவினா ரெண்டு நாள் தாவக் கூடாது, ஓய்வுலதான் தசை வளரும்னார். கடைசியா சொன்னது மட்டும் என் மனசுல பசக்குன்னு ஒட்டிக்கிச்சு.

வீட்டுக்காரி தமிழ்மதிகிட்ட மாஸ்டர் சொன்னது அத்தனையும் ஒப்பிச்சுட்டு, அதை மட்டும் கொஞ்சம் விரிச்சுச் சொன்னேன். தாவுன அன்னைக்கும் அடுத்த ரெண்டு நாளும் குடம் தூக்கக் கூடாது, வெஞ்சனத்துக்குக் காய்கூட நறுக்கக் கூடாது, மாஸ்டர் உத்தரவு. மார்க்கெட் வேலைக்கும் லீவு. அவ தையல் மிஷின் ஓட்டுனா, வீடு ஓடுச்சு. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல அவ என் பேச்சை அம்புட்டு கவனமா கேட்டு நான் பார்த்ததில்ல.

வீட்டுக்குப் பின்னால ரெண்டு தக்காளிப் பெட்டிய அடுக்கிப் பலகை அடிச்சேன். நான் இறங்குனா பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் சமையக்கட்டுல தட்டு உருளும். எகிறுற உசரம் தெரியட்டும்னு சுண்ணாம்புக் கையால சுவத்துல தட்டி வச்சேன். ஓய்வு நாள்ல வெயில் ஏறுற வரைக்கும் தூக்கம். மதி பாத்திரத்தை நங்குன்னு வச்சா, "மெல்ல வை. தசை வளர்ற நேரம்"னு படுத்தபடியே சொல்வேன். உட்கார்ந்து எந்திரிக்கிறதை மட்டும் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளுனேன்.

ஒரு மாசம் ஆச்சு. என் கைத்தடம் இருந்த இடத்துலயே இருந்துச்சு. அதுக்குக் கீழ சின்னதா இன்னொரு கைத்தடம். அடுத்த வாரம் அது மேல ஏறி என்னோடதைத் தொட்டுருச்சு. யாராச்சும் சுவரேறி வந்தாங்களான்னு இன்னாசியம்மாகிட்ட விசாரிச்சேன். நீ தாவுற சத்தம் தவிர ஒரு சத்தமும் கேக்கலையேன்னு சொல்லிருச்சு.

சத்தமில்லாம இறங்குறது யாருன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கேட்டதும் மதி மறைக்கல. என் விண்ணப்பத்தைப் போட அவ போன அன்னைக்கே தன்னோடதையும் போட்டுட்டாளாம். காந்திகிராமத்துல படிக்கையில கபடி ஆடினவ அவ.

"நீங்க ஓய்வுல இருந்தா பெட்டி சும்மாத்தானங்க கிடக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சொல்லிக் குடுக்க வந்துருவீங்க."

தேர்வு எனக்குப் போன வாரம், அவளுக்கு நேத்து. எனக்கு இந்தத் தடவை ஆறு விரக்கடை குறைஞ்சுபோச்சு. அவ தாவுனதை வேலிக்கு வெளிய நின்னு பார்த்தேன். கோட்டைத் தாண்டி ஒரு முழம் தள்ளிப் போய் இறங்குனா. முதல்ல வயித்தெரிச்சல்தான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். திரும்புற பஸ்ஸுல அவ என் தோள்ல சாஞ்சு தூங்குனா. ரெண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தும், உனக்கு என்ன ஆசைன்னு ஒருநாள்கூட கேக்கலையேன்னு வெக்கமா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் பாய விரிச்சுப் படுத்துட்டா. அவ சொல்லாமலே நான் சமையக்கட்டுக்குப் போய்க் குக்கரை எடுத்தேன். மூடி கை நழுவி விழுந்துச்சு.

"மெல்ல வைங்க," பாயிலருந்து குரல் வந்துச்சு. "தசை வளர்ற நேரம்."