பிழை திருத்தி வாசிக்கவும்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பல் துலக்கியபடியே ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். ஒரு புத்தகம் எழுதுவேன். அச்சகத்துக்குப் போக மாட்டேன். என் கையால் எழுதி, என் கையால் தைத்து, என் கையால் சாயம் தோய்த்த துணியில் அட்டை போடுவேன்.

கலை ஆர்வம் என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனை நூலகத்தில், ஜன்னலோர அலமாரியில், என் மனைவியின் அண்ணன் எழுதிய மூன்று புத்தகங்கள் நிற்கின்றன. பத்து வருடமாக நிற்கின்றன. அவற்றுக்குக் கால்கூட வலிக்கவில்லை. அவற்றின் பக்கத்தில் என் புத்தகம் ஒன்று நின்றுவிட்டால் போதும். பிறகு நான் நிம்மதியாக உட்காருவேன்.

நூலகர் அம்மாள் ஒப்புக்கொண்டார். "ஒரே ஒரு பிரதிதானா? பரவாயில்ல, முடிச்சிட்டுக் கொண்டுவாங்க. படிச்சுப் பார்த்துட்டு வைக்கிறேன்."

எழுதினேன். நூற்று இருபத்தெட்டுப் பக்கம் சுயசரிதை. நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கம். அது ஒரு மடிப்பு. அப்படி எட்டு மடிப்பு. சாப்பாட்டு மேசையில் இரண்டு பலகைக்கு நடுவே அடுக்கி, மேலே இரும்புப் பெட்டியை ஏற்றினேன். ஒரு வாரம் அமுங்க வேண்டும்.

"அந்த ஒரு வாரம் நாம எங்க சாப்பிடறது?" என்றாள் மனைவி.

"கலைக்காகக் கொஞ்சம் தரையில உட்காரக்கூடாதா?"

"உட்காரலாம். எழுந்திரிக்கறதுதான் கஷ்டம். சரி, எப்படித் தைப்பீங்க?"

அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முப்பத்தாறு வருடத்தில் அதுவே முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மடிப்பை எடுத்து விரித்துக் காட்டினேன்.

"இதோ, நடுப்பக்கம். ஊசி இங்கதான் போகும், இங்கதான் வரும்."

"மத்த பக்கமெல்லாம் திறந்து பார்க்க வேண்டாமா?"

"பைண்டர் படிக்க மாட்டான். தைப்பான்."

"நல்ல தொழில். ஒரு பக்கம் பிடிக்கலைன்னா கிழிச்சிடலாமா?"

"அது முடியாது! முதல் இதழும் கடைசி இதழும் ஒரே தாளு. இந்தப் பக்கத்தைக் கிழிச்சா அந்தப் பக்கம் கழண்டுடும். ஜோடி!"

"ஓஹோ," என்றாள். "கட்டினப்புறம் பிரிக்க முடியாது. தெரிஞ்ச விஷயம்தான்."

அடுத்து சாயம். வெள்ளைத் தலையணை உறை ஒன்றை வெட்டி, இரண்டு கிலோ பீட்ரூட்டோடு வேகவைத்தேன். ராஜ சிவப்பு வரும் என்பது திட்டம். நான் சிவந்தேன். அடுப்பு சிவந்தது. சட்டை சிவந்தது. துணி மட்டும் அலசியதும் பழைய மழைக்கோட்டு நிறத்துக்கு வந்தது.

மனைவி கொடியருகில் நின்று பார்த்தாள். "இது சாயம் போட்டதா, சாயம் போனதா?"

"இயற்கைச் சாயம் அப்படித்தான் இருக்கும்."

"படிகாரம் போட்டீங்களா?"

"எதுக்கு? யாருக்கும் சவரம் பண்ணலையே!"

"அது இல்லாம சாயம் துணியில ஒட்டாதுங்க. நீங்க போய்க் குளிங்க. உங்க மேல நல்லாவே ஒட்டியிருக்கு."

குளித்துவிட்டு வந்தேன். என் காது மட்டும் இளஞ்சிவப்பாக மிச்சம் இருந்தது. கொடியில் புதிதாக ஒரு துணி தேன் நிறத்தில் ஆடியது. ஒரு கூடை வெங்காயத்தோல், ஒரு துண்டு படிகாரம், இருபது நிமிடம். நான் நன்றி சொல்லவில்லை. கலைஞர்கள் சின்ன உதவிகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாரம் முடிந்ததும் தைத்தேன். மடிப்புகள் ஒன்பது இருந்தன. எட்டு என்றல்லவா நினைத்தேன்? ஒன்பதாவதின் நடுப்பக்கம் வெறுமையாக இருந்தது. கடைசியில் வெற்றுத்தாள் வைப்பதுதான் பெரிய புத்தகங்களின் மரபு. என்னையறியாமலே அந்த மரபைக் காத்திருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டு, இரட்டை நூல் போட்டு இறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகம். மனைவியும் கைப்பையோடு வந்தாள். மச்சான் ஏற்கெனவே தம் புத்தகங்களின் அருகில், அவற்றுக்குக் காவல் போல நின்றிருந்தார்.

"அடடே மாப்ளே, அட்டை அருமை! சாயம் யாரு?"

"நானேதான்," என்றேன்.

மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

மச்சான் எந்தப் புத்தகத்தையும் முடிவிலிருந்து புரட்டும் ரகம். புரட்டினார். கடைசி மடிப்பின் முதல் இதழில் நின்று, கண்ணாடியைச் சரிசெய்தார். உரக்கப் படித்தார்.

"பிழைதிருத்தம்."

எட்டிப் பார்த்தேன். அது என் கையெழுத்து இல்லை.

"பக்கம் 3. 'என் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் இருந்ததில்லை' என்பதை 'என் சொல்லே வீட்டில் இருந்ததில்லை' என்று திருத்தி வாசிக்கவும். பக்கம் 22. 'திருடனைத் தனியாளாகத் துரத்தினேன்' என்ற இடத்தில், 'திருடன்' என்பதைப் 'பூனை' என்றும், 'துரத்தினேன்' என்பதைக் 'கட்டில்மேல் ஏறினேன்' என்றும் வாசிக்கவும். அட்டை. துணிக்குச் சாயம் தோய்த்தவர் ஆசிரியர் அல்லர். அவர் தோய்த்தது தம் சட்டையை."

நூலகர் அம்மாள் சிரிப்பை அடக்கப் பதிவேட்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பாய்ந்து புத்தகத்தைப் பிடுங்கினேன். அந்த இதழைப் பிடித்தேன். ஒரே இழுப்பு போதும்!

"கிழிங்க," என்றாள் மனைவி. "ஆனா அதோட ஜோடியும் வந்துடும். அதைப் படிச்சிட்டுக் கிழிங்க."

கடைசி இதழைத் திருப்பினேன். மச்சான் என் தோளுக்குமேல் எட்டி, அதையும் உரக்கப் படித்தார்.

"பக்கம் 109. 'அந்த வருடம் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை' என்பதை நீக்கிவிடவும். அந்த வருடம் எங்கள் மகளுக்கு டைபாய்டு. இருபத்தாறு நாள் இவர் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. நெற்றியில் ஈரத்துணி மாற்றியபடி இருந்தார். பதவி உயர்வுத் தேர்வு அந்த நாட்களில் வந்தது, போனது. இவர் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதவும் மறந்துவிட்டார். சேர்த்து வாசிக்கவும்."

விரலை எடுத்தேன். மகள் இப்போது வேறு ஊரில், தன் பிள்ளைகளின் காய்ச்சலோடு இருக்கிறாள். மனைவி இன்னமும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓடவில்லை.

மச்சான் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம் மூன்று புத்தகங்களையும் இடப்பக்கம் தள்ளி, வலப்பக்கம் இடம் விட்டார்.

"மாப்ளே, இது இங்க இருக்க வேண்டிய புத்தகம். நான் எழுதினது எதுலயும் இப்படி ஒரு பக்கம் இல்ல."

நான் ஜெயித்துவிட்டேன்! கழுத்து தானாக நிமிர்ந்தது. நூலகர் அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டைத் திறந்து எழுதினார். என் பெயரை என் கண்ணாலேயே பார்க்கலாமென்று மேசைமேல் எட்டிப் பார்த்தேன்.

நூலாசிரியர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'முன்னுரை, 128 பக்கம்: கணவர்.'