ரீவியில் மாப்பிள்ளை பார்த்தது

"வந்திட்டுதோ அண்ணை?" என்று வளவுக்குள் அன்ரனாக் குழாயைக் கட்டிப்பிடித்தபடி நின்ற பிலிப்பு கேட்டான்.

"வந்தது. திரும்பப் போட்டுது," என்றார் பரமலிங்கம், ரீவிக்கு முன்னால் குந்தியிருந்தபடி. "கொஞ்சம் கிழக்காலை விடு. இன்னும் கொஞ்சம். காணும், காணும். போச்சுது. கடந்துபோட்டாய்."

மானிப்பாயில் அந்தக் காலத்தில் ரீவி பார்ப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் உள்ளேயிருந்து பார்க்க வேண்டும், ஒருவர் வெளியே நின்று திருப்ப வேண்டும். குழாயை வடக்கே திருப்பினால் இந்தியா வரும், தெற்கே திருப்பினால் கொழும்பு வரும். நடுவில் நின்றுவிட்டால் இரண்டும் கலந்து வந்து, கொழும்பில் செய்தி வாசிக்கும் பெண்ணின் தோளுக்குப் பின்னால் இந்தியாவில் ஒருவர் நெல் விதைத்துக்கொண்டிருப்பார். மற்ற நாட்களில் பரமலிங்கம் அதையும் ரசித்துப் பார்ப்பார். இன்றைக்கு முடியாது. இன்றைக்கு ரீவியில் மாப்பிள்ளை வருகிறார்.

மாப்பிள்ளை என்றால், அவருடைய மனைவி குணலட்சுமியின் ஒரே தம்பி தவயோகன். லண்டனுக்குப் படிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். ஒரு கிரிக்கெட் கழகத்தில் இருப்பதாக எழுதியிருந்தான். கலியாணத்தைப் பற்றி அக்கா கேட்ட கேள்விக்கு மட்டும் அவன் ஒருநாளும் பதில் எழுதியதில்லை. அதை வெட்கம் என்றாள் குணலட்சுமி. சம்மதம் என்றார் பரமலிங்கம். இப்போது லீவில் கொழும்புக்கு வந்திருந்தான். நிலவரம் சரியில்லை, யாழ்ப்பாணம் வர வசதிப்படாது, வெள்ளிக்கிழமை தொடங்குகிற புது நேர்காணல் நிகழ்ச்சியில் என்னைப் பாருங்கோ என்று சொல்லியனுப்பியிருந்தான்.

பெண் கோப்பாயில் இருந்தாள். புகையிலையும் வெங்காயமும் பயிர்செய்கிற சீவரத்தினத்தாரின் ஒரே மகள் பத்மாசினி, பட்டதாரி ஆசிரியை. கல்வீடு, நல்லதண்ணிக் கிணறு, தோட்டக்காணி. இந்தச் சம்பந்தத்தைத் தானே பொருத்தி முடித்துவிட வேண்டும் என்பது பரமலிங்கத்தின் பெரிய ஆசை. மச்சானுக்கு அவர் பார்த்த இரண்டு இடங்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன. குணலட்சுமி அதைச் சமையலில் உப்புக் குறைந்த நாட்களில்கூடச் சொல்லிக்காட்டுவாள். ஆகவே இம்முறை அவர் தரகர் மார்க்கண்டரின் காதில் மெல்லப் போட்டுவைத்தார். மார்க்கண்டர் "பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பிறகுதான் சந்தையில் சீவரத்தினத்தார் அவரைக் கண்டு, ஒதுக்குப்புறமாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை கொழும்பு ரீவியிலை ஒரு புது நிகழ்ச்சி தொடங்குதாம். உங்கடை வீட்டிலை படம் தெளிவெண்டு கேள்வி. அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?"

பரமலிங்கத்துக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. இதற்கு மேல் விளக்கமாக யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதல் நாளில் சம்பந்தத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும், அல்லது அடுத்த கிழமையே யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடிதம் எழுதிவிடுவான். முதலில் வாய் திறக்கிறவருக்கு மதிப்பும் குறைவு. இந்த ஒழுங்கு பரமலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

"தாராளமா வாங்கோ அண்ணை. உங்கடை வீடு மாதிரி," என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சோமசெற் கார் ஒன்று படலை வாசலில் வந்து நின்றது. சீவரத்தினத்தார் சால்வையோடு இறங்கினார். அவருடைய தமக்கை சிவக்கொழுந்து கதலி வாழைப்பழச் சீப்போடு இறங்கினாள். கடைசியாகப் பத்மாசினி இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு வந்து, ரீவிக்கு மிகக் கிட்டவாக இருந்த கதிரையில் இருந்தாள். பெண்ணே நேரில் வந்து மாப்பிள்ளை பார்ப்பது புதுமைதான். படித்த பிள்ளை என்று பரமலிங்கம் மனதுக்குள் மெச்சினார்.

நிகழ்ச்சிக்கு நேரம் இருந்தது. மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசி முடிந்தது. அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் சீவரத்தினத்தார் தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்கு இங்கிலாந்து விளையாட்டுகளைப் பற்றித்தான் நிகழ்ச்சியாம்," என்றார்.

பரமலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சீனி சுற்ற வருகிற பழைய ஆங்கிலப் பத்திரிகைகளின் கடைசி விளையாட்டுப் பக்கத்தை வாசித்த பிறகுதான் கிழிக்கக் கொடுப்பார். கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கெட்ட பழக்கம் அவரிடம் இல்லை.

"கேளுங்கோ அண்ணை. என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

"அஞ்சு நாள் விளையாடியும் ஒருத்தரும் வெல்லேல்லை எண்டு சொல்லுகினமே, அது மெய்தானோ?"

"ஓம். அதுதான் கிரிக்கெட்டின்ரை பெருமை. வெல்லுறதுக்கு விளையாடுறவன் அங்கை மரியாதை இல்லாதவன்."

"அஞ்சு நாளும் அவையின்ரை தோட்டத்துக்கு ஆர் தண்ணி இறைக்கிறது?"

"அங்கை மழை இறைக்கும்."

சிவக்கொழுந்துக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. "குதிரையிலை ஏறி ஒரு கூட்டம் நரியைக் கலைக்குமாம். நரி கோழியைப் பிடிச்சதோ?"

"இல்லை அக்கா. நரி சும்மா தன்ரை பாட்டிலை நிண்டது."

"பிறகேன் கலைக்கினம்?"

"அதுதான் விளையாட்டு," என்றார் பரமலிங்கம் உறுதியாக. "ரக்பி எண்டு ஒண்டு இருக்குது. அதிலை பந்து வெறும் சாட்டு. ஆளைத்தான் பிடிக்கிறது. ஆனா எல்லாத்திலும் பெரிய விசயம் என்னெண்டால், கிரிக்கெட்டை நடுவிலை நிப்பாட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பினம். உலகத்திலை வேறை ஆருக்கு அந்தப் பொறுமை வரும்?"

அப்போது ரீவியில் மேளமும் வயலினும் கேட்டன. வளவுக்குள் பிலிப்பு மூச்சை அடக்கிக் குழாயைப் பிடித்தான். படத்தில் மழை பெய்வதுபோல் புள்ளிகள். புள்ளிகளுக்குள் இரண்டு கதிரைகள், இரண்டு பேர்.

ஒருவர் தவயோகன். போகும்போது ஒல்லியாக, சுருண்ட முடியோடு போன பொடியன், தொந்தியும் தொப்பையுமாக வந்திருந்தான். தலையில் ஒரு மயிரும் இல்லை.

"ஐயோ, தம்பியின்ரை தலைக்கு என்ன நடந்தது?" என்று குசினி வாசலில் நின்ற குணலட்சுமி கிட்ட வந்து கணவரின் காதுக்குள் கேட்டாள்.

"பேசாமல் இரும்."

ஆனால் சிவக்கொழுந்தின் முகம் மலர்ந்தது. "என்ன வடிவான தலைமயிர் பார், சீவரத்தினம். அள்ளிச் சீவியிருக்கிறார்," என்றாள்.

பரமலிங்கத்துக்குச் சட்டென்று விளங்கியது. படத்தில் விழுகிற புள்ளிகள் அவளுக்கு மயிராகத் தெரிகின்றன. புள்ளி வாழ்க. அவர் எழுந்து யன்னலுக்கு ஓடினார்.

"பிலிப்பு, இனித் தொடாதை. கையை எடு."

"இன்னும் தெளிவாக்கலாம் அண்ணை."

"இந்தத் தெளிவு காணும், விடு."

பிலிப்பு ரேடியோ திருத்துகிறவன். அரைகுறைப் படத்தோடு வேலையை விட்டுவிட்டான் என்று நாளைக்குச் சந்தியில் நாலு பேர் சொல்ல அவன் விட மாட்டான். பல்லைக் கடித்து ஒரு திருப்புத் திருப்பினான். ரீவி வாங்கிய நாளில் இருந்து வராத தெளிவு அப்போது வந்தது. தவயோகனின் தலை மின்குமிழ்போல் பளபளத்தது.

"ஆகா, இப்பதான் முகம் வடிவாத் தெரியுது," என்றார் சீவரத்தினத்தார்.

இனி மறைக்க வழியில்லை. மச்சான் என்று உறவு சொல்லிப் பேசவும் ஒழுங்கு இடம் தராது. பரமலிங்கம் பொதுவாகப் பேசுவதுபோல் தொடங்கினார்.

"இங்கிலாந்திலை நல்ல விளையாட்டுக்காரனுக்குத் தலையிலை மயிர் நிக்காது அண்ணை. ஹெல்மெற் போட்டுப் போட்டுத் தேஞ்சுபோம். மயிரோடை திரியிறவனை அங்கை ரீமிலை நம்பி எடுக்க மாட்டினம்."

"அப்பிடியோ," என்றார் சீவரத்தினத்தார் மரியாதையாக. அவர் கண் ரீவியை விட்டு எடுபடவில்லை.

"கழகத்தில் உங்களுடைய பொறுப்பு என்ன?" என்று ரீவியில் கேள்வி வந்தது. "மத்தியானச் சாப்பாடும் பின்னேரத் தேநீரும் நான்தான் பார்க்கிறேன்," என்று பெருமையாகச் சொன்னான் தவயோகன்.

பரமலிங்கம் பாய்ந்து சத்தத்தைக் குறைத்தார்.

"ஏன் தம்பி? அவர் கதைக்கிறதைக் கேக்கத்தானே கோப்பாயிலை இருந்து வந்தனாங்கள்," என்றாள் சிவக்கொழுந்து. பத்மாசினியும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கவலையைக் கண்டு அவர் மனம் இளகிவிட்டது. சத்தத்தைக் கூட்டினார்.

"நான் சொன்னனானெல்லே," என்றார். "அந்தத் தேத்தண்ணி இல்லாட்டி இங்கிலாந்திலை கிரிக்கெட் இல்லை. அதுக்குப் பொறுப்பெண்டால் கிட்டத்தட்டக் கப்டன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. ரீவியில் தவயோகன் சிரித்தான். "என்னுடைய மனைவியும் எனக்கு உதவி செய்கிறார். அவர் அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஊரில் அக்காவுக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இங்கே சொல்கிறேன்."

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டம் விழுந்து கோப்பைகள் உடைந்தன. குணலட்சுமி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஆனாலும் பரமலிங்கம் கடைசி விக்கெட்டுக்கும் மட்டை பிடிக்கிற ஆள்.

"அது கழக ஒழுங்கு," என்றார். "அங்கை விளையாட்டுக்காரருக்குப் பேருக்கு ஒரு வெள்ளைக்கார மனிசி குடுப்பினம். விருந்துகளுக்குக் கூட்டிக்கொண்டு போக வேணுமே. சீசன் முடிய விட்டிடலாம்."

"பிள்ளையளும் சீசனுக்குத்தானோ?" என்று சிவக்கொழுந்து கேட்டாள்.

"அதுவும் அப்பிடித்தான்."

சீவரத்தினத்தார் பரமலிங்கத்தின் தோளில் கை வைத்தார். "அதுக்கேன் தம்பி நீங்கள் வியர்க்கிறியள்? போன இடத்திலை ஆரையோ விரும்பிக் கட்டியிருக்கிறார். பிள்ளை குட்டியோடை நல்லாயிருக்கட்டும்."

பரமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் மனிதர் இருப்பார்களா? மொட்டையைப் பொறுத்தார்கள். தேத்தண்ணியைப் பொறுத்தார்கள். வெள்ளைக்காரியையும் பொறுக்கிறார்கள். கோப்பாய்ச் செம்மண்ணின் பெருந்தன்மையை மானிப்பாய் ஒருநாளும் எட்ட முடியாது என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

நிகழ்ச்சி முடிந்தது. சிவக்கொழுந்து எழுந்து போய் ரீவிக் கண்ணாடியை இரண்டு கையாலும் தடவி, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்மாசினி வெட்கத்தோடு நிலத்தைப் பார்த்தாள். இதைக் கண்டபின் ஒழுங்காவது ஒன்றாவது. பரமலிங்கம் முதலில் வாய் திறந்துவிட்டார்.

"அண்ணை, ஒளிக்காமல் கேக்கிறன். மாப்பிள்ளையைப் பிடிச்சுதோ?"

சீவரத்தினத்தார் திடுக்கிட்டு, படலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "உங்களுக்கு ஆர் சொன்னது, மார்க்கண்டரோ? சரி, இனி உங்களுக்கு என்ன ஒளிப்பு. எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிருக்குது. தையிலை நாள் வைச்சிருக்கிறம். கலியாண எழுத்து முடியுமட்டும் வெளியிலை விட்டிடாதையுங்கோ."

"தையிலையோ!" பரமலிங்கம் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். "குணலட்சுமி, இஞ்சை வாரும். அவையளுக்குச் சம்மதமாம்."

"ரெண்டு பிள்ளையோடையோ?" என்று உள்ளேயிருந்து அழுகைக் குரல் கேட்டது.

அப்போது பரமலிங்கத்தின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றினால் மாரியம்மன் பொறுக்க மாட்டாள். நேராகப் பத்மாசினியிடமே கேட்டார்.

"பிள்ளை, நீர்தானே வாழப்போறீர். பயப்பிடாமல் சொல்லும். மொட்டைத் தலை, வெள்ளைக்காரி, ரெண்டு பிள்ளையள், ஒண்டும் உமக்குக் குறையாத் தெரியேல்லையோ?"

வந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசாமல் இருந்த பத்மாசினி தகப்பனைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், பிறகு மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"மாமா, நான் கலியாணம் முடிக்கப்போறது கேள்வி கேட்டவரை, அந்த மொட்டையர் ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது."