மில்லிக்கனில் ஒல்லாந்தர் ஆட்சி

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். அவர்கள் கடல் கடந்து கனடா வந்து, மில்லிக்கனில் ஸ்ரீல்ஸ் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தைப் பிடித்து, நாற்பது வயது தாண்டிய தமிழர்களை வைத்து ஆண்டுகொண்டிருக்கிறார்கள். ஆளப்படுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்: கோட்டை கட்டியவர்கள்கூட இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஒல்லாந்தர் ஒரே ஆள்தான். கட்டை உருவம், கழுத்தில் விசில், கோடையிலும் கழற்றாத ஒரு கம்பளித் தொப்பி. யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக ஒல்லாந்துக்கு, அதாவது நெதர்லாந்துக்குப் போய், அங்கே ஒரு சின்ன ஊரில் பூ வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் வேலை செய்தவர். அந்த ஊர்க் கழகத்துக்கு நடுக்களத்தில் பந்து விளையாடினார். முழங்கால் போனபின் அங்கேயே கோச் ஆனார். மகள் கலியாணம் செய்து ரொறன்ரோவுக்கு வந்தபோது அவரும் விசிலோடு வந்து சேர்ந்தார். அவருடைய சொந்தப் பெயர் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதாகக் கேள்வி. வேறு எங்கும் நாங்கள் அதைக் கண்டதில்லை.

எங்கள் உதைபந்தாட்ட ரீமில், ஊரில் கல்லூரி முதல் அணிக்கு விளையாடாதவர் என்று ஒருவரும் கிடையாது. நானும் விளையாடினேன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு கல்லூரி அணியில் இத்தனை பேர் எப்படி அடங்கினார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் தன் இடமும் போய்விடும். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றுதான் அவர் சொன்னார்:

"நான் நாலாவது ரீமில விளையாடினனான்."

நாங்கள் அசந்துபோனோம். நெதர்லாந்திலேயே நாலாவது இடத்தில் இருந்த ரீம் என்று விளங்கிக்கொண்டு, அன்றைக்கே அவரைக் கோச்சாக்கிவிட்டோம். பிறகுதான் விளக்கம் வந்தது.

"அந்த ஊர்க் கழகத்தில நாலு ரீம் இருந்தது. ஐஞ்சாவது இருந்திருந்தா என்னை அதிலதான் போட்டிருப்பாங்கள்."

இதுதான் அவரிடம் உள்ள வியாதி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன் ஊர்ப் புதினம் இரண்டு கதைத்து, தேத்தண்ணி குடித்து, எழும்பிப் போகும்போது வாசலில் நின்றுதான் சொல்வார். இவர் ஒல்லாந்துக்காரரைப் போல வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் முதல் வாயிலேயே என் மனைவியிடம், "கறியில உப்புக் காணாது பிள்ளை. போன முறையும் காணாது" என்றார். நான் மேசைக்குக் கீழே போய்விடலாமா என்று பார்த்தேன். மனைவிக்கு ஆளைப் பிடித்துவிட்டது. "போன முறை சமைச்சது அவருக்காவது ஞாபகம் இருக்கு" என்றாள் என்னைப் பார்த்து.

என்னைப் பற்றி அவர் சொன்னதையும் மறைக்கக் கூடாது. "உம்மட காலுக்கு வாற பந்து பஸ் ஸ்ரொப்பில நிக்கிற மாதிரி நிக்குது. மற்ற எல்லாரும் போயிடுவாங்கள். அது மட்டும் நிக்கும்."

முதல் நாள் பயிற்சியில் ஒரு சட்டம் போட்டார்: ஒருவரும் ஓடக்கூடாது.

"பந்துக்குக் களைக்குமோ?"

"இல்லை அண்ணை."

"உமக்கு?"

"இப்பவே களைக்குது."

"அப்ப ஆர் ஓட வேணும்?"

இதைக் கேட்ட மறுவாரம் ரீமில் சேர ஆட்கள் வரிசையில் வந்தார்கள். உதைபந்தாட்டத்தில் ஓடத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னால், எங்கள் வயதில் அவர்தான் கடவுள். ஆனால் ஓடாமல் சரியான இடத்தில் நிற்பது ஓடுவதைவிடக் கொடுமை என்பது பிறகுதான் தெரிந்தது. ஓரடி தள்ளி நின்றால் விசில். சரியாக நின்றுகொண்டு போனைப் பார்த்தால் நீளமான விசில்.

பனிக்காலத்தில் மைதானம் மூடியபின் பாடம் பிறந்தநாள் விழாக்களுக்கு இடம் மாறியது. ஒரு மண்டபத்தில் மேசை விரிப்பின் மேல் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் எல்லாவற்றையும் ஆட்களாக அடுக்கி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு கருகின கட்லட். பாத்திரப் பொருத்தம் என்று விட்டுவிட்டேன். கோக் எடுக்கத் திரும்பி வந்தவர் மேசையைப் பார்த்து அப்படியே நின்றார். நடுக்களம் முழுவதும் காணவில்லை.

"ஆர் நடுவைச் சாப்பிட்டது?"

சோல்ட் அண்ணை வாயைத் துடைத்துக்கொண்டே, "பசிச்சது" என்றார்.

"எங்கட நடு மட்ச்சிலயும் உப்பிடித்தான் காணாமப் போறது."

சோல்ட் அண்ணை யார் என்று சொல்ல வேண்டும். வீடு விற்கும் ஏஜென்ட். எங்கள் ஜேர்சி அவர் உபயம். அதனால் ஒவ்வொருவர் முதுகிலும் அவருடைய சிரித்த முகமும், கீழே பெரிதாக 'சோல்ட்', அதாவது விற்றாச்சு, என்றும் அச்சடித்திருக்கும். எங்களை முந்திக்கொண்டு போகிறவர்களால் அவரைப் பார்க்க முடியாது என்பதால், விளம்பரத்தை முன்பக்கம் போட்டிருக்கலாம் என்று பிறகு வருத்தப்பட்டார். ஜேர்சி தந்தவர் என்ற உரிமையில் எப்போதும் முன்வரிசையில் அவர்தான்.

ஒருநாள் பயிற்சி முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முழங்கால் எப்படிப் போனது என்று ஒல்லாந்தரைக் கேட்டேன்.

"எங்கட கோல்கீப்பர் இறைச்சிக்கடைக்காரன். அவன் உருட்டிவிட்ட பந்து, எல்லாற்றை காலிலயும் பட்டு என்னட்டை வந்தது. நான் முன்னுக்கு நிண்டவனுக்குக் குடுத்தன். குடுக்கேக்கையே ஒருத்தன் வந்து முழங்காலில விழுந்தான். நான் முகங்குப்புற. கோல் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது."

"நீங்கள் பாக்கேல்லையோ அண்ணை?"

"புல்லைத்தான் பாத்தன்."

அதற்குப் பிறகு அவர் விளையாடவேயில்லை. அந்தக் கோலைப் போல ஒன்றைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அங்கே பிள்ளைகளுக்குக் கோச்சாகி, இங்கே எங்களிடம் வந்து மாட்டியிருக்கிறார். எங்களுக்கு அது கேட்கவே பாவமாக இருந்தது. அவரை நினைத்து அல்ல, எங்களை நினைத்து. பத்துப் பேருக்குப் பந்து கொடுப்பது என்றால் பத்துத் தரம் பந்தை நிறுத்தத் தெரிய வேண்டும்.

போன கோடையில் ஊர்ச் சங்கங்களின் போட்டி வந்தது. அதே கோடையில்தான் அவருடைய மகள் வடக்கே தள்ளி ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினாள். ஒல்லாந்தருக்குக் கார் ஓடத் தெரியாது. சைக்கிள்தான். ஸ்ரௌவ்வில்லில் இருந்து மில்லிக்கனுக்குச் சைக்கிளில் வர அந்த முழங்கால் விடாது. இந்தப் போட்டியோடு கோச் வேலை முடிந்தது என்று மகள் சொல்லிவிட்டாள். அந்தக் கோல் விழுவதென்றால் இப்போதே விழ வேண்டும்.

தோற்றால் வெளியேற வேண்டிய முதல் மட்ச்சிலேயே இடைவேளைக்கு முன் மூன்று கோல் வாங்கிவிட்டோம். இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில் ஒல்லாந்தர் கையைக் காட்டி சோல்ட் அண்ணையை வெளியே கூப்பிட்டார்.

"என்னையோ?"

"உம்மைத்தான். நீர் நல்ல மனுசன், நல்லா வீடு விக்கிறீர். வெளியில வாரும்."

"அண்ணை, எல்லாற்றை முதுகிலயும் என்ர படம் இருக்கு."

"படம் நிக்கட்டும். நீர் வாரும்."

சோல்ட் அண்ணை வெளியே வந்தார். கோட்டுக்கு அப்பால் இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கியது. ஒல்லாந்தர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கோடைக்காலங்களாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கோல்கீப்பர் பந்தை உருட்டிவிட்டார். ஒருவர் நிறுத்தினார், கொடுத்தார். அடுத்தவர் நிறுத்தினார், கொடுத்தார். நான் நம்பவில்லை. நடுவில் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று. எதிர் ரீம் இளவட்டங்கள் ஓடி ஓடிக் களைத்துப் போனார்கள். எங்களில் ஒருவரும் ஓடவில்லை. எல்லாருடைய காலும் பட்டு, கடைசியில் பந்து என்னிடம் வந்தது. நான் வலப்பக்கப் பின்வரிசை ஆள். தண்ணீர்ப் போத்தலைத் தேடிப்போய் வழிதவறி எதிர்க் கோலுக்கு முன்னால் நின்றேன். அவர்களுடைய கோல்கீப்பர் முன்னே பாய்ந்து விழுந்து கிடந்தார். கோல் வாசல் திறந்து கிடந்தது. மிச்சம் இருந்தது என் கால் மட்டும்.

நான் திரும்பி ஒல்லாந்தரைப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது.

"அண்ணை, இஞ்சை ஒருக்காப் பாருங்கோ."

அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். "பொறும், கதைச்சுக்கொண்டிருக்கிறன்."

பொறுக்கச் சொன்னார். நான் பொறுத்தேன். பந்தின் மேல் காலை வைத்து, வங்கி வரிசையில் நிற்பதுபோல நின்றேன். எதிர் ரீம் பொடியன் ஒருவன் எனக்கு ஏதோ நெஞ்சு வருத்தம் என்று நினைத்து "ஆர் யூ ஓகே, அங்கிள்?" என்று கேட்டான். ஓம் என்றேன். அதன்பிறகு மரியாதையாகப் பந்தை என் காலடியில் இருந்து எடுத்துக்கொண்டு போனான். மறுபக்கம் நாலாவது கோல் விழுந்தது.

மட்ச் முடிந்து ஒல்லாந்தர் நேராக என்னிடம் வந்தார்.

"விசரோ உமக்கு? அடிச்சுப்போட்டுக் கூப்பிடுறதுக்கென்ன?"

"அடிச்சாப் பிறகு திரும்பினா உங்களுக்குச் சத்தம் மட்டும்தானே அண்ணை கேட்டிருக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ இருப்பதுபோலப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு ஐஸ்பெட்டியின் மேல் உட்கார்ந்து, "ஆர் ஆர் தொட்டது, சொல்லுங்கோ" என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். யாருடையதும் சரியாக வரவில்லை. முழுதாகச் சொன்னவர் சோல்ட் அண்ணைதான்.

"நீங்கள் என்னைப் பேசேக்கை நான் உங்கட தோளுக்கு மேலால அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வாயைத் திறக்க விட்டியளே?"

மகள் காரோடு வந்து நின்றாள். "அப்பா, ப்ளீஸ். இனாஃப். இதோட முடிஞ்சுது எண்டு சொன்னனான்."

"ஒரு கோல்" என்றார் ஒல்லாந்தர். "எல்லாற்றை காலும் பட்டு, என்ர கண்ணுக்கு முன்னால. அதைப் பாத்த அண்டைக்கு விட்டிடுறன். பிறகு நீ சொல்லுற இடத்தில இருக்கிறன்."

எங்கள் எல்லார் முன்னிலையிலும் மகள் அவரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினாள். ஒல்லாந்தர் சொன்னால் சொன்னதுதான். அது எங்களுக்கும் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்து ஒவ்வொருவர் காரில் போய் அவரை ஸ்ரௌவ்வில்லில் இருந்து கூட்டிவருகிறோம். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம், நாங்கள் இப்போது நன்றாகவே பந்து கொடுக்கிறோம். கீப்பரிடம் புறப்படுகிற பந்து சுற்றிச் சுற்றிக் கோல் வாசல் வரைக்கும் போகிறது. அங்கே போனதும் யாராவது தடுக்கி விழுகிறார். இல்லாவிட்டால் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிடுகிறது. சோல்ட் அண்ணைக்கு அந்த நேரம் பார்த்து வீடு வாங்கக் கேட்டு ஒருவர் போன் எடுக்கிறார். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கூடிக் கதைத்ததில்லை.

போன ஞாயிறு என் முறை. திறந்த கோல், காலடியில் பந்து, ஒல்லாந்தர் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் அதைக் கம்பத்துக்கு மேலால் கார் நிறுத்தும் இடத்துக்கு அடித்தேன்.

கொண்டுபோய் விடுவதும் நான்தான். காரில் ஏறியதும் தொடங்கினார். என் கால், என் வயிறு, என் கல்லூரி, ஒன்றையும் விடவில்லை. மார்க்கம் நகரைத் தாண்டும்போது மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாற கிழமையும் உப்பிடித்தான் அடிப்பீர் போல."

"ஓம் அண்ணை."

தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டார். "சரி. எத்தினை மணிக்கு வருவீர்?"

பத்து மணிக்கு என்றேன். பத்து என்றால் பத்து என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து திரும்பத் திட்டத் தொடங்கினார். தெருவில் அன்று வாகனமே இல்லை. ஆனாலும் நான் ஸ்ரௌவ்வில் வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.